கருடனுக்குக் காட்டிய பச்சைக் கொடி

ஸ்டூல் மேல் ஏறினாலே அய்யாதுரைக்குத் தலை சுற்றும். வீட்டில் ஒட்டடை அடிக்க அவர் மனைவி தங்கபுஷ்பம்தான் ஏறுவாள். அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த உத்தியோகம், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு கிளப்பில்.

"வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கதுக்கு எனக்குச் சம்பளம் தாராங்க. நம்மூர்ல இதே வேலையைத்தான் சும்மா செஞ்சேன், வெட்டிப்பயன்னு விரட்டி விட்டுட்டாங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மதராசுக்கு வந்து, அடையாறு பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் முருகன் கோயிலுக்குப் பின்னால் குடியேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்போது, அதாவது எழுபத்திரண்டாம் வருஷத்தில், தலை பாதி நரைத்திருந்தது.

கிளப் இருந்தது தரமணி வெளியில். யுத்த காலத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர் உட்காரும் புஷ்பக் விமானங்கள் மூன்று. ரேடியோ கிடையாது. அய்யாதுரை உண்டு. அவர் பச்சைக் கொடியைக் காட்டினால் விமானம் கிளம்பலாம். சிவப்பைக் காட்டினால் நிற்க வேண்டும். மேலே இருந்தால் இறங்காமல் இன்னொரு சுற்று போய்வர வேண்டும். ஓடுதளத்தில் மேய வரும் எருமைகளை ஓட்டுவதும், வட்டமிடும் பருந்துகளைப் பட்டாசு வெடித்துக் கலைப்பதும் அவர் பொறுப்பே.

"டாக்டர் வீட்டுப் பிள்ளையும் வக்கீல் வீட்டுப் பிள்ளையும் என் கொடிக்குக் கட்டுப்பட்டு நிக்காங்க. எருமைதான் மதிக்க மாட்டேங்கு."

இதோடு நிற்கவில்லை. விமானச் சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்தால், அந்த வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்வதும் அவர் தலையில் விழுந்தது. முதலில் கிளப்பில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைத்தான் அனுப்பினார்கள். அவர் இங்கிலீஷில் விளக்கினார். புகார் சொன்னவர்களுக்கு அவரைவிட நன்றாக இங்கிலீஷ் தெரிந்திருந்தது. சண்டை பெரிதானது. பிறகு அய்யாதுரையை அனுப்பினார்கள். நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் நின்று, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே, "தப்புதாங்க" என்று கைகூப்பிவிடுவார். அதற்கு மேல் ஒரு மனிதனை எப்படித் திட்டுவது? காபி கொடுத்து அனுப்புவார்கள்.

மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருத்தி மட்டும் மசியவில்லை. "உங்க ப்ளேன் எந்த ஸ்ருதியில போறது? கொழந்தைகள் எல்லாம் தம்புராவை விட்டுட்டு அதைப் பிடிச்சுண்டு பாடறதுகள்!" என்றாள்.

"கேப்டன்கிட்டச் சொல்லி நாளையிலேர்ந்து கொஞ்சம் கீழ் ஸ்ருதியில விடச் சொல்லுதேன், மாமி" என்று அய்யாதுரை உண்மையாகவே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

கேப்டன் என்பது ஷரஃபுதீன். பறக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். ராயப்பேட்டைக்காரர், கோபம் வராதவர். ஒரு நாள் அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அரே அய்யாதுரை, இந்தப் பசங்க எங்க திரும்பணும்னு தெரியாம கடல் வரைக்கும் போயிடறாங்க. மேலேர்ந்து பார்த்தா எல்லாத் தென்னமரமும் ஒண்ணுதான். தூரத்திலேயே கண்ணுல படற மாதிரி ஒரு அடையாளம் சொல்லேன்."

அய்யாதுரை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எங்க தெரு முருகன் கோயில் கோபுரம் இருக்கே, கேப்டன். புதுசா வர்ணம் அடிச்சிருக்கு. கண்ணைப் பறிக்கும்."

அவர் கணக்கு வேறு. விமானம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் கோயிலுக்குப் போகிற ரகமில்லை. இப்படியாவது தினமும் அவர்களுக்குக் கோபுர தரிசனம் கிடைக்கட்டுமே, அதற்கு வழி செய்த புண்ணியத்தில் தனக்கும் ஒரு துளி சேரட்டுமே என்று நினைத்தார். அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது பாட்டுகூட வந்தது.

மறுநாள் காலையிலிருந்து மூன்று விமானங்களும் மாறி மாறி அவர் வீட்டுக் கூரைக்கு மேலே வந்து திரும்பத் தொடங்கின. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"இது யார் பண்ணின வேலை?" என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் சொன்னார்.

"கோபுரத்தைக் காட்டிக் கொடுத்தியளாக்கும்? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியளா? தெருவுல மூச்சு விட்டிராதிய."

அவர் மூச்சு விடவில்லை. புகார் வந்ததும் தன் தெருவுக்குத் தானே போய், தன் பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "தப்புதாங்க" என்று கைகூப்பினார். இந்த முறை அந்த வார்த்தை முழு உண்மை. பக்கத்து வீடு என்பதால் காபியும் கிடைக்கவில்லை.

சத்தத்துக்குத் தெரு எப்படியோ பழகிக்கொண்டது. அப்போதுதான் கோயில் வாசலில் பூ விற்கும் முத்துலட்சுமி ஒரு நாள் அவர் சைக்கிளை மறித்தாள்.

"இன்னா நைனா, உங்க ப்ளேனு சாமியை ராங்கா சுத்திக்கினு கீது?"

"ராங்கா?"

"நாம எப்டி சுத்துறோம்? இப்டி வலமா. அது பாரு, இடமா சுத்திக்கினு போவுது. செத்த வீட்லதான் அப்டி சுத்துவாங்கோ. காத்தாலேர்ந்து இதே வேலையா கீதுங்க. தெருவுக்கே ஆவாது நைனா."

அய்யாதுரை அண்ணாந்து பார்த்தார். புஷ்பக் ஒன்று கோபுரத்தைத் தன் இடது பக்கம் வைத்து, அழகாக, பாடம் தவறாமல் திரும்பிப் போனது. இத்தனை நாள் வானத்தைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவன், பூக்காரம்மா கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லையே என்று நொந்துகொண்டார்.

செய்தி சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு குழாயில் தண்ணீர் நின்றால் விமானம். பால் திரிந்தால் விமானம். பையன் கணக்கில் தோற்றால் விமானம். முருகனை ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் இடமாகச் சுற்றுவது?

அவர் ஷரஃபுதீனிடம் போய் நின்றார். "கேப்டன், ஒரு சின்ன விஷயம். எல்லாத்தையும் வலது கைப் பக்கமாத் திரும்பச் சொன்னா என்ன?"

"ஓட்டறவன் இடது பக்கம் உட்கார்ந்திருக்கான். அவனுக்குத் தெரியறது இடது பக்கம்தான். ஒருத்தன் இப்படி, ஒருத்தன் அப்படின்னு திரும்பினா உன் கோபுரத்துக்கு மேலேயே ரெண்டும் மோதிக்கும். அப்புறம் உன் சாமி சந்தோஷப்படுவாரா?"

அய்யாதுரை எருமை ஓட்டப் போனார்.

இந்த நிலையில்தான் கும்பாபிஷேகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. போன தடவை அய்யாதுரைக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி மேளச்சத்தத்தை மட்டும் கேட்டார். இந்தத் தடவை கலசத்தில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அந்த நேரம் வானத்தில் கருடன் வட்டமிடுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமும் காத்திருந்தார்.

கோயில் கமிட்டித் தலைவர் சண்முகசுந்தரம் அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டனுப்பினார். தியாகராயநகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அவரும் தெற்கத்திக்காரர்தான்.

"வே அய்யாதுரை, நான் சொல்லுததைக் கேட்டுக்கிடும். கும்பத்துல தண்ணி ஊத்துத நேரத்துல கருடன் வரணும். உம்ம தகர டப்பா ஒண்ணு வந்து சுத்துச்சுன்னா கருடன் இந்தத் திசைக்கே வராது. கருடன் வரலைன்னா நாங்க மனு எழுதி, மந்திரி வரைக்கும் போயி, உம்ம கிளப்பையே மூட வச்சிருவோம். நீரும் இந்தத் தெருவுல முகத்தைக் காட்ட முடியாது."

"ஒண்ணுகூட வராது, அண்ணாச்சி. நான் பொறுப்பு" என்றார் அய்யாதுரை. சன்னிதி விளக்கு எதிரே எரிந்துகொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு எப்போதும் வந்ததில்லை.

கிளப்புக்குப் போனால், அதே நாள், அதே காலை, டில்லியிலிருந்து பரீட்சை அதிகாரி வருகிறார் என்றார்கள். வஜீஹா என்ற பெண் லைசென்ஸ் பரீட்சைக்குப் பறக்க வேண்டும். தேதியை மாற்ற முடியாது.

அய்யாதுரை வாக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். ஷரஃபுதீன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி. உங்க நல்ல நேரம் முடியற வரைக்கும் ஒரு விமானமும் ஏறாது. டில்லிக்காரருக்கு டீ கொடுத்து உட்கார வச்சுக்கறேன். ஆனா கொடி உன் கையில. நீ இங்க நிக்கணும், தெரியுமில்ல?" என்றார்.

தெரிந்தது. கும்பாபிஷேகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் பார்க்க முடியாது. போன தடவை அம்மை, இந்தத் தடவை வாய்.

அன்று காலை தெருவே புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குப் போக, அய்யாதுரை மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் போனார். மைதானத்தில் மூன்று விமானங்களும் பேசாமல் நின்றன. டில்லி அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வஜீஹா விமானத்துக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அய்யாதுரை சிவப்புக் கொடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடுதளத்தின் நடுவே நின்றார். ஒரு ஈ கூடப் பறக்கவில்லை.

காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கோயில் ஒலிபெருக்கி கேட்டது. முதலில் நாதஸ்வரம். பிறகு அண்ணாச்சியின் குரல்: "பக்தகோடிகளே, இன்னைக்கு விமானத் தொல்லை கிடையாது. நம்ம தெரு அய்யாதுரை முருகன் சன்னிதியில வாக்குக் கொடுத்திருக்காரு!"

அய்யாதுரைக்கு மார்பு விரிந்தது. ஒலிபெருக்கியில் தன் பேர் வருவது வாழ்க்கையில் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், சுருதி இறங்கி: "கும்பம் மேல போயாச்சு. கருடாழ்வார் இன்னும் வரலை. எல்லாரும் மேல பாருங்க. பொறுமையா இருங்க."

அய்யாதுரையும் மேலே பார்த்தார். காற்றடிக்கும் திசையைக் காட்டும் காற்றுப்பை கட்டியிருந்த கம்பத்தின் உச்சியில், செம்பழுப்பு உடம்பும் வெள்ளைத் தலையுமாக, கருடன் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

அது அவருக்குத் தெரிந்த பறவைதான். மற்றப் பருந்துகளுக்குப் பட்டாசு வெடிப்பார். இதற்கு மட்டும் கிடையாது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பெருமாள் வாகனமே, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் இரும்" என்று கொடியை மெல்ல ஆட்டுவார். அது அதற்கெல்லாம் அசைந்ததில்லை. தினமும் முதல் விமானம் உறுமிக் கிளம்பும்போதுதான் எழுந்து, ஆற்றுப் பக்கமாக, கோயில் இருக்கும் திசையில் பறந்து போகும்.

இன்றைக்கு உறும ஒன்றுமில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கிய அமைதியில் கருடன் சுகமாக உட்கார்ந்திருந்தது. மாமன் வாகனம் மருமகன் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் தடுத்து வைத்திருப்பவன் யார் என்றால், அய்யாதுரை.

துண்டை வீசிப் பார்த்தார். கை தட்டினார். கைகூப்பிக்கொண்டு கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மன்றாடினார். எதற்கும் இருக்கட்டும் என்று வலமாகவே சுற்றினார். கருடன் குனிந்து ஒரு பார்வை பார்த்தது. பிறகு அவர் இடது தோளில் வெள்ளையாக எச்சமிட்டது.

டில்லி அதிகாரி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். "காற்றைப் பரிசோதிக்கிறார்" என்று ஷரஃபுதீன் சொல்லிவிட்டு ஓடிவந்தார்.

"க்யா அய்யாதுரை, பைத்தியம் பிடிச்சுடுச்சா?"

அய்யாதுரை கம்பத்தின் உச்சியைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு பட்டாசைக் கொளுத்து."

"கும்பாபிஷேகத்தன்னிக்குக் கருடன் மேல பட்டாசா? ஏழு ஜென்மத்துக்கும் எருமைதான் மேய்க்கணும், கேப்டன்."

"இப்ப மட்டும் என்ன மேய்க்கறே? சரி, விமானத்தைக் கிளப்பு."

"வாக்குக் கொடுத்திருக்கேனே!"

"சத்தம் கூடாதுங்கறே. சத்தம் இல்லாம அது போகாதுங்கறே. உன் சாமிகிட்டக் கேட்டு ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு, பாபா. என்னால அந்த ஆளுக்கு இனிமே டீ ஊத்த முடியாது."

மறுபடி ஒலிபெருக்கி. இந்தத் தடவை குருக்களின் குரல்: "நேரம் போயிண்டே இருக்கு. கருடன் வரலைன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்கோ."

அய்யாதுரை கண்ணை மூடினார். விமானம் போனால் வாக்கு போகும், கிளப் போகும், தெருவில் மானம் போகும். போகாவிட்டால் கருடன் இல்லாத கும்பாபிஷேகம். அப்போதும் இதெல்லாம் போகும், கூடவே கருடனும் போகும். எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றாகவே வந்தது. ஐந்தாம் வகுப்பிலும் அவருக்குக் கணக்கு இப்படித்தான் வரும். எல்லாமே போகிறதென்றால், கருடனாவது போய்ச் சேரட்டும்.

சிவப்புக் கொடியைக் கீழே போட்டார். பச்சைக் கொடியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

வஜீஹாவும் அதிகாரியும் ஏறினார்கள். விசிறி சுழன்றது. புஷ்பக் உறுமிக்கொண்டு ஓடியது. கம்பத்தின் உச்சியில் கருடன் இறக்கையை விரித்து, யாருக்கும் அவசரப்படாமல் எழும்பி, ஆற்றுப் பக்கமாகப் பறந்தது. அதன் பின்னாலேயே விமானமும் ஏறிப் போனது.

இரண்டும் மரங்களுக்கு அப்பால் மறைந்த பிறகுதான் அவருக்குச் செய்த காரியம் உறைத்தது. பச்சைக் கொடியைச் சுருட்டிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். அந்த வெட்டவெளியில் யாரிடமிருந்து ஒளிக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

ஒலிபெருக்கி மௌனமாக இருந்தது. திடீரென்று பெரிய கூச்சல். பக்தியா, தன்னைத் திட்டுகிறார்களா என்று புரியவில்லை. அப்புறம் கெட்டிமேளம் முழங்கியது. அப்புறம் காற்று திரும்பிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை.

விமானம் இறங்கியதும் வஜீஹா அழாத குறையாக ஓடிவந்தாள். "மாமா, கோபுரத்துக்கிட்ட இடது பக்கம் திரும்பப் போறேன், அங்க ஒரு பருந்து! மோதிடக் கூடாதுன்னு வலது பக்கம் வெட்டித் திருப்பிட்டேன். கோபுரத்தை ஒரு முழுச் சுத்து சுத்தித்தான் வர முடிஞ்சுது. என்னை ஃபெயில் போட்டுடுவாரா?"

"எந்தப் பக்கமாச் சுத்தினே, தாயீ?"

"வலது பக்கமா."

"வலமாவா?"

"ஆமா, வலமாத்தான்."

அய்யாதுரை புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பறவையைக் கண்டதும் யோசித்து விலகியது சரிதான் என்று அதிகாரி அவளைப் பாஸ் போட்டார்.

வீட்டுக்குப் பின்சந்து வழியாகத்தான் போனார். எதற்கும் சைக்கிள் மணியை அடிக்கவில்லை. முத்துலட்சுமி பார்த்துவிட்டாள்.

"தோ, நைனா வந்துட்டாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் கோயிலே திரும்பியது. அண்ணாச்சி ஓடிவந்தார். அடி விழுமென்று அய்யாதுரை கண்ணை மூடினார். விழுந்தது சந்தனம், இரண்டு கன்னத்திலும்.

"வே! ஒரு வார்த்தை சொன்னீராவே? முன்னால கருடன், பின்னால விமானம், ரெண்டும் வலமா! எனக்கு மயிரெல்லாம் சிலிர்த்துப்போச்சு!"

"அண்ணாச்சி, நான் வாக்குத் தவறி..."

"கருடன் வந்ததுக்கப்புறந்தான் ப்ளேன் வந்தது. நான் பார்த்துண்டே இருந்தேன்" என்றார் குருக்கள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் சாமி வந்துச்சு. கருடன் வழி காட்டிக்கினு போச்சு" என்றாள் முத்துலட்சுமி. அது பெரிய வாக்குவாதமானது. அய்யாதுரை தன் பங்குக்கு நடந்ததைச் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தார். ஒருவரும் இடம் தரவில்லை.

கூட்டத்தின் நடுவிலிருந்து தங்கபுஷ்பம் சத்தமாகச் சொன்னாள்: "கோபுரத்தைக் காட்டிக் கொடுத்ததே எங்க வீட்டுக்காரகதான், தெரியுமா!"

"அப்படியா சங்கதி!" அண்ணாச்சி அவர் தோளைத் தட்டினார். "ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே தினமும் விமானம் வலமாத்தான் வரணும். வெள்ளிக்கிழமை தீபாராதனைக்கு ஒண்ணு கூடுதலா அனுப்பும். இடமா ஒண்ணு வந்துச்சோ, மனு எழுதிருவேன்."

"தப்புதாங்க" என்றார் அய்யாதுரை, பழக்க தோஷத்தில். நாளைக் காலை ஷரஃபுதீன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் மனம் இளகினாள். "ஊரே பாத்துச்சு. பன்னண்டு வருசமாக் காத்துக் கிடந்து, கருடனைப் பாக்க உங்களுக்குத்தான் கொடுத்து வைக்கலை" என்று பிரசாதத்தைக் கையில் வைத்தாள். வைத்தவள் அவர் தோளைப் பார்த்தாள்.

"இது என்ன, சட்டையில வெள்ளையா? புதுச் சட்டையாச்சே, சந்தனத்தை இப்படியா அப்பிக்கிடுவிய? கழத்துங்க, தோய்ச்சுப் போடுதேன்."

அய்யாதுரை தோளைத் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.